தேதி போடாத இருநூற்றுப் பன்னிரண்டு

"சமையலறைக் குழாய் எப்போங்க?" என்று மனைவி கேட்டபோது லிஃப்ட் மெக்கானிக்கிடம் பதில் தயாராக இருந்தது.

"போன்ல குறிச்சு வெச்சிருக்கேன்."

குறித்து வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு எப்போது எண்ணெய் போட வேண்டும், எந்தக் கம்பிக் கயிற்றை எப்போது மாற்ற வேண்டும், எல்லாம் தேதியோடு போனில் இருக்கும். மேனேஜர் மேடம் உட்பட அலுவலகத்தில் பதினோரு பேருக்கும் இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். தேதி சொல்ல முடியாத வேலைகளுக்கு மட்டும் கீழே தனிப் பட்டியல். மனைவி அதைத் திறந்து பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு வேலைகள் ஹாயாகப் படுத்துக் கிடந்தன. குழாய் நாற்பதாவது.

சாயங்காலத்துக்குள் இதற்கெல்லாம் தேதி போடாவிட்டால் சாப்பாட்டுக்கும் தேதி கிடையாது என்று சொல்லிவிட்டாள்.

ஒவ்வொன்றாகப் போட ஏது நேரம்? மனிதர் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து 'இன்று' என்று தட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது போன் அலற ஆரம்பித்தது. பரண் சுத்தம் செய்யணும், ஓர் அலறல். பல் டாக்டரைப் பார்க்கணும், இன்னோர் அலறல். கீழே இருந்த காவலாளி அதை ஆபத்து மணி என்று நினைத்துக் கட்டடத்தையே காலி செய்துவிட்டார்.

பட்டியலை மனைவி தலையிலேயே கட்டிவிட்டால் தொல்லை விட்டது என்று அவளுக்குப் பகிரப் போனார். எண்ணெய்க் கை. 'வீடு' என்பதற்குப் பதில் 'அலுவலகம்' அழுந்திவிட்டது.

அப்போதுதான் நூற்றெழுபதாவது வரி நினைவுக்கு வந்தது. 'வேலையை விடுறேன்னு மேடத்துக்கிட்ட சொல்லணும்.' நாலு வருஷத்துக்கு முன்னால் மேடத்தோடு போட்ட சண்டையில், ஆத்திரத்தில் எழுதியது. ஆத்திரம் மறுநாளே போய்விட்டது, வரி போகவில்லை. ஓடும் சத்தத்தைக் கேட்டே லிஃப்டின் கோளாறைச் சொல்லிவிடுகிற மனிதர் அவர். அந்த வேலை அவருக்கு உயிர்.

நூற்றெழுபதாவது வரி வரைக்கும் யார் படிக்கப் போகிறார்கள்? சும்மா விட்டிருக்கலாம். அவசர அவசரமாக அந்த ஒரு வரியை மட்டும் அழித்தார். 'ஒரு வேலை நீக்கப்பட்டது' என்று, அந்த வரியை முழுசாக எடுத்துப் போட்டு, பதினோரு பேருக்கும் செய்தி போய்விட்டது.

ஐந்தே நிமிடத்தில் மேடத்திடமிருந்து அழைப்பு.

அலுவலகத்துக்கு ஓடி, மேடத்தின் அறைக்குள் போய், வேலையை விடும் எண்ணமே இல்லை, பழைய கோபம், மன்னிச்சிடுங்க என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மேடம் சிரிக்கவில்லை. தன் போனைத் திறந்து, தன்னுடைய தேதியில்லாத பட்டியலை அவர் பக்கம் திருப்பினார்.

"அதே சண்டை அன்னைக்கு நான் எழுதினது, படிங்க. 'இந்த மெக்கானிக்கை வேலைய விட்டு அனுப்பணும்.' உங்கள மாதிரி இன்னொருத்தர் எங்க கிடைப்பாங்க? நாலு வருஷமா தேதி போட மனசே வரல."