திரையில் நான் மட்டும்

கதாநாயகி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள். பிரிந்திருந்த கணவன் மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துத் திரையின் மூலையில் செருப்புத் தள்ளுபடி விளம்பரம் ஒன்று வந்து குதித்தது. தொடர்கதை எழுத்தாளர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

அன்று மாலைக்குள் கடைசி அத்தியாயம் முடிந்தாக வேண்டும். வாரப் பத்திரிகையின் ஆசிரியர் முந்தின நாளே கூப்பிட்டுப் பேசியிருந்தார். குரலில் தேன் ஒழுகியது, விஷயம்தான் கசந்தது. முடிவு வாசகர்களைப் பிடித்து உலுக்கினால் அடுத்த தொடரும் இவருக்கே. சொதப்பினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். எழுத்தாளருக்கு எழுதுவதைத் தவிர வேறு வேலை தெரியாது.

கம்ப்யூட்டர் தெரிந்த மைத்துனனுக்கு ஃபோன் போட்டார். அவன் எதற்கும் அசராதவன். ஒரே நிமிடத்தில் வழி சொன்னான்.

"அதுக்குன்னே ஃபுல் ஸ்கிரீன் இருக்கு மாமா. நீங்க எழுதுறது மட்டும்தான் தெரியும். வேற எதுவும் கண்ணுல படாது."

சொன்ன பட்டன்களை அமுக்கினார். விளம்பரம் போயிற்று, மெனு போயிற்று, கடிகாரம் போயிற்று, மேலே வரிசை கட்டி நின்ற குட்டிக் குட்டிப் படங்களெல்லாம் போன இடம் தெரியவில்லை. வெள்ளைத் திரையில் அவருடைய கதை மட்டும் மிச்சம். கல்யாணக் கூட்டமெல்லாம் கிளம்பிப் போன வீடு மாதிரி அப்படியொரு நிம்மதி.

அந்த உற்சாகத்தில் தன் கைபேசியையும் அணைத்துத் துணி அலமாரிக்குள் போட்டார். மனைவி அடுத்த அறையில் உட்கார்ந்து ஒரு டிராவல் கம்பெனிக்கு டிக்கெட் போட்டுக்கொடுக்கும் வேலை பார்ப்பவள். யார் கேட்டாலும் நான் செத்துவிட்டேன் என்று சொல் என்றார் அவளிடம். அவள் யாருடனோ ஃபோனில் இருந்தாள். "சரி சரி, நான் பாத்துக்கறேன்" என்று அந்தப் பக்கம் சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் தலையை ஆட்டினாள்.

திரும்பி வந்து, 'அவள் அவன் காலில் விழுந்து கதறினாள்' என்று எழுதினார். அடுத்த பத்தியைத் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அந்த வரியைக் காணோம். அதே இடத்தில், 'அவள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்' என்று இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்படியேதான் இருந்தது. கை தவறியிருக்கும் என்று கதறலைத் திரும்பத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் கதறல் போய் பஸ் வந்தது.

அலமாரியைத் திறந்து, வேட்டிக்கு அடியிலிருந்து கைபேசியைத் தோண்டி எடுத்து மைத்துனனைப் பிடித்தார். இப்போதெல்லாம் மென்பொருளே எழுதுகிறது, அந்த வசதி தெரியாத்தனமாக ஆன் ஆகியிருக்கும், ஆஃப் செய்துவிட்டால் சரியாகிவிடும் என்றான் அவன். மெனுவே இல்லாத திரையில் எதை ஆஃப் செய்வது? அவன் சொன்ன ஒவ்வொரு பட்டனாக அமுக்கினார். முதலில் எழுத்துப் பிழை காட்டும் கோடுகள் போயின. அடுத்து திரை முழுக்கக் கறுப்பானது. அதற்கும் அடுத்த பட்டனில், எழுதிக்கொண்டிருக்கும் வரி மட்டும் வெளிச்சமாகி, மற்றதெல்லாம் மங்கிப் போனது. மைத்துனன் மீட்டிங் இருக்கிறது என்று நழுவிவிட்டான். கைபேசி மறுபடி வேட்டிக்கு அடியில் போனது.

இப்போது நிலைமை இன்னும் மோசம். அவர் கீழே ஒரு வரி எழுத, மேலே அந்த இருட்டில் எது எப்படி மாறுகிறது என்றே தெரியவில்லை. ஏறிப் போய்ப் பார்த்தால், 'கண்ணீர் ஆறாகப் பெருகியது' இல்லை, 'கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்' இருந்தது. கணவன் பேசிய ஒரு பக்க வசனம் இரண்டு வரியாக இளைத்திருந்தது.

அவருக்கு ரத்தம் கொதித்தது. அச்சில் வரும்போது தன் எழுத்து, தான் எழுதியபோது இருந்ததைவிட நன்றாக இருப்பதாக அவருக்கு எப்போதுமே ஒரு எண்ணம் உண்டு. பிறவித் திறமை, அச்சில்தான் எடுப்பாகத் தெரிகிறது என்று விட்டுவிடுவார். அப்பேர்ப்பட்டவர் எழுத்தில் ஒரு மெஷின் கை வைப்பதா?

'மரமண்டையே, உனக்குக் காதலைப் பற்றி என்ன தெரியும்?' என்று கதைக்கு நடுவிலேயே தட்டினார்.

கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது. பிறகு அந்த வரி ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக அழிந்தது. எழுத்தாளர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

மதியச் சாப்பாட்டுத் தட்டை மனைவி மேசையில் வைத்த வைப்பில் டம்ளர் ஆடியது. டிக்கெட் வேலையில் எவனோ படுத்தியிருப்பான் என்று எழுத்தாளர் நினைத்துக்கொண்டு சாப்பிட்டார். கடைசியில் மனம் கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

"அது என்னை விட நல்லா எழுதுதும்மா. அதான் எனக்குப் பயமா இருக்கு. இனிமே நான் எதுக்கு?"

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். முகத்தில் இருந்த இறுக்கம் மெல்லத் தளர்ந்தது.

"அப்படி என்ன நல்லா எழுதிடுச்சு? சொல்லுங்க கேப்போம்."

பஸ்ஸைச் சொன்னார், ஜிப்பைச் சொன்னார். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, கதை அவருடையதுதானே, அந்த இரண்டு பேரையும் பஸ் நிலையம் வரைக்கும் கூட்டி வந்தது வேறு யார் என்று கேட்டுவிட்டு, கேட்காமலேயே இன்னும் கொஞ்சம் சாதம் போட்டாள்.

சாயங்காலம் கடைசி வரிக்கு வந்தார். 'நீ இல்லாத உலகம் எனக்கு இருட்டு' என்று கணவன் சொல்வதாக எழுதிவிட்டுக் காத்திருந்தார். எதிர்பார்த்த மாதிரியே அது அழிந்தது. அந்த இடத்தில் ஒரு வரி முளைத்தது. 'வீட்டுச் சாவி உன்கிட்டதானே இருக்கு என்று கேட்டான்.'

எழுத்தாளர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழிக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனார். முடியவில்லை. பிரிந்து போனவள் சாவியை இன்னும் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சொந்தக் கதைக்கே கண் கலங்கியது. தோற்றாலும் பரவாயில்லை, நல்ல வரியைக் கொல்லக் கூடாது என்று கையை எடுத்துவிட்டார்.

அத்தியாயத்தை அனுப்பி அரை மணி நேரம் கழித்து, போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதற்காகக் கைபேசிக்கு உயிர் கொடுத்தார். கொடுத்த மாத்திரத்தில் அது அலறியது. பத்திரிகையின் உதவி ஆசிரியை. ஆசிரியர் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார், அடுத்த தொடரும் உங்களுக்கே என்றாள். எழுத்தாளரால் சந்தோஷப்படவும் முடியவில்லை. மனசாட்சி குத்த, அது முழுக்க நான் எழுதியது இல்லையம்மா என்று இழுத்தார்.

"அது தெரிஞ்சதுதானே சார். பக்கம் சீக்கிரம் அச்சுக்குப் போகணும்னு காலையில உங்களுக்கு ஃபோன் போட்டா கிடைக்கல, அதான் வீட்ல அக்காகிட்ட சொன்னோம். எப்பவும் நீங்க முடிச்ச பிறகு வந்து திருத்துறவங்க, பாவம், இன்னைக்கு அடுத்த ரூம்ல அதே ஃபைலைத் திறந்து வச்சு உங்ககூடவே உக்கார வேண்டியதாப் போச்சு."