டிக்கியில் ஏறிய ஆறு பேட்டரி

திண்டிவனம்
18.10.2012

மரியாதைக்குரிய மாப்பிள்ளை இருதய அருண் அவர்களுக்கு மாமனார் தொம்மை எழுதுவது. சேசுவின் திரு இருதயம் தங்களையும் எங்கள் மகள் வெனிலாவையும் காத்து வருவதாக. இங்கு நானும் உங்கள் மாமியார் அருள்ராணியும் நலம். கடிதத்தில் அப்படித்தான் எழுத வேண்டும் என்பதால் எழுதியிருக்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்ததுமே தாங்கள் "கார் எப்படி ஓடுது மாமா" என்று ஆசையாகக் கேட்கிறீர்கள், நானும் "சூப்பரா ஓடுது மாப்ள" என்று சொல்லிவிடுகிறேன். இப்படி ஒன்பது முறை சொல்லியாகிவிட்டது. பொய்க்காகப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பாவத்தைக் கேட்ட சாமியார்தான் எழுதிவிடச் சொன்னார்.

ஆகஸ்டு மாதா திருநாளுக்கு வந்திருந்த தாங்கள் என் பழைய காரைச் சென்னைக்கு ஓட்டிப்போய், தங்கள் பட்டறையில் பின் சக்கரங்களுக்கு மோட்டார் வைத்து, டிக்கியில் ஆறு பேட்டரி அடுக்கி, பாதி பெட்ரோலிலும் பாதி கரண்டிலும் ஓடுகிற ஹைபிரிட் வண்டியாக்கிக் கொண்டுவந்து நிறுத்தியபோதே நான் பார்த்தேன். பின்பக்கம் அடைகாக்கிற கோழி மாதிரி உட்கார்ந்திருந்தது, முன்பக்கம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. முப்பத்தொரு வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவன் நான். பின் படிக்கட்டில் பத்துப் பேர் தொங்கினால் ஸ்டியரிங் எப்படிச் சொல்பேச்சுக் கேட்காமல் போகும் என்று என் கைக்குத் தெரியும். வாய்வரை வந்தது. மாப்பிள்ளை ஆசையாக ஒன்று செய்து கொடுத்திருக்கிறார், அதில் போய் நொட்டை சொல்லலாமா என்று விழுங்கிவிட்டேன். அன்றைக்கு விழுங்கியதுதான் இன்றுவரை தொண்டையில் நிற்கிறது.

முதல் வாரம் வேகத்தடைகளோடு போயிற்று. நம் தெருவிலிருந்து கோயிலுக்கு ஐந்து வேகத்தடை. ஐந்திலும் வண்டியின் அடிவயிறு தேய்ந்து கரக் கரக் என்று ஒரு சத்தம். பூசை தொடங்கிய பிறகு நாங்கள் வந்தால், திரும்பிப் பார்க்காமலே தொம்மை வந்துவிட்டார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதைப் பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் வாரம் மயிலம் ரோட்டு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், வண்டி திரும்பவில்லை, முன் சக்கரம் ரோட்டில் படிந்தும் படியாமலும் நேராகவே போகிறது, பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இப்போது பின்பக்கம் மட்டும் தனியாகத் திரும்புகிறது, நான் முன்னால் ஒரு ஊருக்கும் டிக்கி வேறொரு ஊருக்கும் கிளம்பிவிட்ட மாதிரி ஆகி, பிரேக்கை மிதித்தால் வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டி அது பாட்டுக்குப் போய் மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிமேலேயே, இறங்கி நின்றது. கொல்லைக்காரர் நடராசன் கம்பை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தவர், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்ததும் கம்பை இறக்கிவிட்டார்.

"டிரைவரே, நீங்களா? எவனோ குடிச்சிட்டு வண்டி ஓட்டிக்கினு வர்றான்னு நெனைச்சேன்."

"வண்டியில பேட்டரி வெச்சிக்கீதுப்பா. பின்பாரம்."

"பரவால்ல வுடுங்க. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்."

கம்பால் அடித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது, மாப்பிள்ளை. என் பேருந்தில் பத்து வருடம் சந்தைக்குப் போய்வந்த மனிதர் அவர்.

வீட்டில் அதைவிட மோசம். விபத்தில்லாமல் ஓட்டியதற்கு எனக்குக் கொடுத்த சான்றிதழ் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறதல்லவா, உங்கள் மாமியார் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தக் கழட்டி உள்ள வெச்சிடலாமா? வர்றவங்க பார்த்தா நல்லா இருக்காது" என்று கேட்டாள். திட்டவில்லை, நிதானமாகத்தான் கேட்டாள். போன மாதம் விழுப்புரத்தில் அவள் அக்காள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு இருவரும் கிளம்பினோம். நாற்கரச் சாலையில் லாரி ஒன்று பக்கத்தில் உரசினாற்போல் போக, அந்தக் காற்றுக்கு முன்பக்கம் லேசாக நழுவியது, நான் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிச் சரிசெய்தேன், அவள் செபமாலையை எடுத்தாள். விக்கிரவாண்டி வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"இன்னா, வாந்தி வருதா?"

"வாந்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் பஸ்ல வர்றேன். நீங்க மெதுவா வாங்க."

நான் முப்பத்தொரு வருடம் ஓட்டிய அதே தடத்துப் பேருந்தில் என் மனைவி ஏறிப் போனாள், மாப்பிள்ளை. விழுப்புரம்வரை அதன் பின்னாலேயே நான் காரில் போனேன். பின் கண்ணாடி வழியாக அவள் தலை தெரிந்தது. ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன், கண் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். கை நடுங்குகிறதா என்று தண்ணீர் நிறைந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்து பார்த்தேன், சிந்தவில்லை. ஆனாலும் மனம் கேட்கவில்லை. பேருந்தில் ஐம்பது அறுபது உயிரை நம்பி என்னிடம் விட்டார்களே, அப்போதும் நான் இப்படித்தான் ஓட்டினேனா, ஆண்டவர்தான் காப்பாற்றிக்கொண்டு வந்தாரா என்று தோன்றிவிட்டது. சாவியை அருள்ராணியிடம் கொடுத்துவிட்டு ஒன்பது நாள் வண்டியைத் தொடவில்லை. பத்தாம் நாள் சாவியைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு, நெல் லாரி எடை போடுகிற மேடைக்குப் போனேன். மேடைக்காரர் சீனுவாசன் முதலில் முன் சக்கரத்தை மட்டும் ஏற்றச் சொன்னார். நானூற்று அறுபது கிலோ. பின் சக்கரம் மட்டும் ஐந்நூற்று இருபது. பிறகு சுமை தூக்குகிறவர்களை விட்டு ஆறு பேட்டரியையும் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினோம். முன்னால் ஐந்நூறு, பின்னால் முந்நூறு. சீனுவாசன் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணே, நூத்தி எம்பது கிலோவ டிக்கியில போட்டுக்கினு, முன்னால இருந்த நாப்பதையும் தூக்கிட்டீங்க. அப்புறம் எப்பிடி வண்டி திரும்பும்? பின்ஸ்பிரிங்காவது மாத்தனீங்களா?"

மாற்றவில்லை. அந்த இரண்டு சீட்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேடையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று சீனுவாசன் வெளியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தூசி விழுந்தது, அவ்வளவுதான். பேட்டரிகளை மறுபடி டிக்கியிலேயே ஏற்றிக்கொண்டு, மாட்டுவண்டிக்கு வழிவிட்டு மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.

ஆகவே மாப்பிள்ளை அவர்கள் தவறாக நினைக்கக் கூடாது. தங்கள் படிப்பின்மீதும் தொழிலின்மீதும் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மோட்டார் சத்தமில்லாமல் ஓடுகிறது, பெட்ரோலும் குறைவாகத்தான் குடிக்கிறது. பாரம் வைத்த இடம்தான் பிசகு. தயவுசெய்து ஒரு ஆளை அனுப்பி ஆறு பேட்டரியையும் கழற்றிக்கொண்டு போகச் சொல்லவும். இல்லையென்றால் பாதியை முன்னால் வைத்து, பின்ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுக்கவும். எனக்கு வயதாகவில்லை என்று தங்கள் வாயால் உங்கள் மாமியாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொன்னால் அவள் எடைச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறாள்.

வெனிலாவுக்கு எங்கள் முத்தம். தங்கள் தாய் தகப்பனாருக்கு எங்கள் வணக்கம். தேவமாதா தங்கள் குடும்பத்துக்கும் பட்டறைக்கும் துணையிருந்து, ஏறிய பாரத்தையெல்லாம் சமமாகப் பங்கிட்டுத் தருவாளாக.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மாமனார்
ம. தொம்மை

பின்குறிப்பு: இதை மடித்து வைத்துத் தபாலில் போடுவதற்குள் மூன்று நாள் ஆகிவிட்டது. ஆள் அனுப்ப வேண்டாம். இங்கே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கரண்டு இல்லை என்பது தங்களுக்குத் தெரிந்ததுதான். முந்தாநாள் நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது உங்கள் மாமியார் எலக்ட்ரீசியன் துரைக்கண்ணுவைக் கூப்பிட்டு, டிக்கியிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, இன்வெர்ட்டர் ஒன்றை மாட்டி வீட்டுக்குக் கனெக்‌ஷன் கொடுத்துவிட்டாள். இரண்டு ஃபேன், மூன்று லைட்டு, டிவி எல்லாம் ஓடுகிறது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. பெற்றால் இப்படி ஒரு மாப்பிள்ளையைப் பெற வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் காரை எடுக்கலாமா என்று கேட்டதற்கு, "வூடே அதுலதான் ஓடுது, நீங்க எங்க ஓட்டிக்கினு போறீங்க?" என்றாள். சக்கரத்துக்கு முட்டாகச் செங்கல்லும் வைத்தாகிவிட்டது. எனக்கு வயதாகிவிட்டதா இல்லையா என்பதைப் பற்றி இப்போது யாருக்கும் அக்கறை இல்லை. டிக்கியில் இன்னும் இடமிருப்பதாகத் துரைக்கண்ணு சொல்கிறார், மேற்கொண்டு இரண்டு பேட்டரி அனுப்பி வைக்கும்படி உங்கள் மாமியார் எழுதச் சொல்கிறாள். அனுப்பவும். வெளியே நல்ல புழுக்கம். இதை எழுதும்போது தலைக்குமேல் ஃபேன் சுற்றுகிறது, மாப்பிள்ளை. அதைத்தான் என்னால் மறுக்க முடியவில்லை.