தாழ்ப்பாள் நாடகம்

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குத் தம்பி பணிவுடன் எழுதுவது.

இங்கு எல்லோருக்கும் உடம்பு நலம். முகத்தைத்தான் வெளியே காட்ட முடியவில்லை. தாங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் மகளின் கல்லூரி நாடகக் குழு சனிக்கிழமை மறுபடியும் நாடகம் போடுகிறது, அதைப் பார்க்கத் தாங்கள் கிளம்பி வருவதாக அண்ணி சொன்னார்கள். தயவுசெய்து வர வேண்டாம். காரணத்தை ஊரார் வாயால் கேட்பதைவிட நானே எழுதிவிடுவது மேல்.

ஒரு பெண் வளர்ந்து ஆளாகும் கதை என்றுதான் சொன்னாள். கடைசியில் பட்டம் வாங்குவாள், கைதட்டிவிட்டு வரலாம் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். போய்ப் பார்த்தால் மேடையே கருப்பு. அப்பன்காரன் ஒருத்தன் மகளைப் பேசவிட மாட்டேங்கிறான், சிரித்தால் எதற்குச் சிரித்தாய் என்கிறான். அந்த அப்பன் வேஷம் என் மகள், ஒட்டு மீசையோடு. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது நான் செய்வது. பேச்சுக்குப் பேச்சு "எனக்குத் தெரியாதா?"ன்னு கேட்டா. அதுவும் நான்தான். பக்கத்துல சம்சாரம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா. அப்புறம் அந்த அப்பன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மக ரூம் தாழ்ப்பாளைக் கழட்ட ஆரம்பிச்சான். அந்தப் பொண்ணு ஓரமா நின்னு பார்த்துக்கிட்டே இருக்கு. கூட்டத்துல மூச்சுச் சத்தம்கூட இல்ல. எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறாங்கன்னு தோணிச்சு. ஒருத்தரும் பார்க்கலை, அது பிறகுதான் தெரிஞ்சுது. நான் எழுந்து நின்னு, "எங்க வீட்ல அந்த ரூமுக்குத் தாழ்ப்பாளே கிடையாது"ன்னு சொல்லிட்டேன்.

மருந்துக்கடையில நாள் பூரா "சாப்பாட்டுக்கு முன்னாடி, பின்னாடி"ன்னு கத்திப் பழகின குரல், கடைசி வரிசை வரைக்கும் போயிருச்சு. அரங்கமே சிரிச்சுது. அழ வேண்டிய பொண்ணு முதுகைத் திருப்பிக்கிட்டுக் குலுங்குச்சு. என் மக சிரிக்கலை. மீசைக்குள்ளேர்ந்து, "உட்காருங்கப்பா"ன்னா. அதட்டலாகூட இல்ல, மெதுவா. நான் யாருன்னு தெரியாம மிச்சம் இருந்தவங்களுக்கும் அதுல தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அந்தப் பிள்ளைங்க எவ்வளவு சோகமா பேசினாலும் கூட்டம் சிரிச்சுது.

பஸ்ஸில வரும்போது மன்னிப்புக் கேட்க வாய் வரலை, "நல்லா நடிச்சம்மா"ன்னேன். "நீங்களும்தான்"னா. வீட்டுக்கு வந்து மீசை ஒட்டின இடத்தைத் தேய்ச்சுக் கழுவிட்டு, ரூம் கதவை வெறுமனே சாத்திக்கிட்டா. உள்ளே அழுறாளா என்னன்னு தெரியலை. தட்டுறதா, திறக்கிறதா, பேசாம போயிடறதான்னு புரியாம, நான் பாட்டுக்கு வெளியே நின்னு கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன்.

கடைக்கு வர்றவங்க இப்போ இருமல் மருந்தோட தாழ்ப்பாளும் கேட்கிறாங்க. என்னால் குடும்பத்துக்கு வந்த இந்தத் தலைகுனிவில் தாங்களும் வந்து பங்கெடுக்க வேண்டாம். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

நிமிர முடியாத,
தங்கள் தம்பி.

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் மகள் இதைப் படித்துவிட்டாள். "அது நீங்க இல்லப்பா. பத்தாவது படிக்கும்போது பெரியப்பா வீட்ல தங்கியிருந்தேனே, அவரு" என்கிறாள். செருமலும் கண்ணாடி துடைப்பும் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒன்றுதானாம். ஸ்க்ரூ டிரைவர் மட்டும் தங்களுடையதாம். அண்ணா, வர்றதா இருந்தா வாங்க. எழுந்து மட்டும் நிக்காதீங்க.