அயிரைக்குப் போன டீப் பால்

உலகத்தில் மீன் என்றால் அயிரை ஒன்றுதான், மற்றதெல்லாம் தண்ணீரில் வளரும் கத்தரிக்காய் என்று அடித்துச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் கட்டிங் மாஸ்டர்தான். உசிலம்பட்டிக்காரர். எண்பதுகளின் கடைசியில் நான் அந்தத் திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோதே அவருக்கு 'அயிரை மாஸ்டர்' என்றுதான் பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

விரல் நீளம்கூட இல்லாத பொடி மீன். அதற்கு அவர் போடும் ஆட்டம் இருக்கிறதே! மார்க்கெட்டில் ஐஸில் கிடக்கும் மீனைப் பார்த்தால், "இது மீனில்ல தம்பி, பொணம்" என்பார். அயிரை உயிரோடுதான் சட்டிக்கு வர வேண்டும். திருப்பூரில் அதற்கு எங்கே போவது?

ஓவர்லாக் மிஷினில் இருந்த பாண்டியம்மாவும் அவர் ஊர்ப் பக்கம்தான். முழுகாமல் இருந்தாள். எதைத் தின்றாலும் வாந்தி. ஒருநாள் மிஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து எழுப்பியதும், "அயிரக் கொழம்புன்னா ரெண்டு வாய் எறங்கும்ணே" என்று முனகினாள். அவ்வளவுதான்! கடைசி லாட்டை வெட்டிப் போட்டுவிட்டு மாஸ்டர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். மறுநாள் ஷிப்மெண்ட்!

திரும்பும்போது மடியில் ஒரு தூக்குப்போசி, அதில் கண்மாய்த் தண்ணீர், தண்ணீரில் மீன். வழியெல்லாம் பஸ்ஸை நிறுத்தித் தண்ணீர் மாற்றியிருக்கிறார். குண்டடத்தில் கண்டக்டரே இறங்கிப் போய்க் குடத்தில் பிடித்து வந்தாராம். மறுநாள் பதினோரு மணிக்குக் கம்பெனிக்குள் ஓடி வந்தார்.

"உசுரு இருக்கு! உசுரு இருக்கு!"

மொத்த செக்ஷனும் எழுந்து நின்று எட்டிப் பார்த்தது. முக்கால்வாசி செத்திருந்தது. ஒரு கைப்பிடி மட்டும் நெளிந்துகொண்டிருந்தது.

பதினொன்றரைக்கு வர வேண்டிய டீ வரவில்லை. முதலாளி வந்துவிட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், டீப் பால் எங்கீங்க?"

"குடிச்சுக்கிட்டு இருக்குக, மொதலாளி."

"யாருங்க?"

"அயிர."

நாற்பது பேருடைய பாலில் அயிரைகள் ஜோராக நீந்திக்கொண்டிருந்தன! பாலைக் குடித்தால்தான் வயிற்றிலிருக்கும் மண்ணைக் கக்குமாம். டெய்லர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். "டீ இல்லாம பீஸ் ஓடாதுங்க!" முதலாளி சுத்த சைவம். முகமெல்லாம் சிவந்து மாஸ்டரைப் பார்த்தார். பிறகு, வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த பாண்டியம்மாவைப் பார்த்தார்.

"அந்தப் புள்ளைக்குங்களா? செரி, எல்லாருக்கும் கடைல டீ வாங்கியாரச் சொல்லுங்க. அந்தக் கருமத்தப் பின்னால கொண்டுபோயி ஆக்குங்க."

கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவி, புளி கரைத்து, மாஸ்டரே ஸ்டவ்வில் குழம்பு வைத்தார். பாண்டியம்மா முதல் வாய் எடுத்தாள். இறங்கியது! இரண்டாவதும் இறங்கியது! தட்டு காலியாகும்வரை ஒரு மிஷினும் ஓடவில்லை. அதன்பிறகு ஓடிய ஓட்டத்தில் ஷிப்மெண்ட் சாயங்காலமே லாரி ஏறிவிட்டது.

சட்டியில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"நீங்க ஒரு வாய் தின்னுங்கண்ணே."

"எனக்கு வேணாம் தாயி, முள்ளு குத்தும். நீயே ராத்திரிக்கு வச்சுக்க."

அயிரையில் குத்துகிற முள்ளே கிடையாது. அப்படியே முழுசாக மென்று தின்னும் மீன் அது. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சட்டியை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு அவர் கட்டிங் டேபிளுக்குப் போனார். அந்த ஒரு பொய்க்காகவே அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.