சுண்ணாம்புக் கோட்டில் ஒரு தீயணைப்பு நிலையம்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் பத்திரிகைக்கு எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். மன்னிக்க வேண்டும். நாலு பேர் எதிரில் பேசவே எனக்குக் கூச்சம். எழுதும்போது எதிரில் யாரும் இல்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ரோட்டின் இரண்டு பக்கமும் உள்ள அத்தனை கம்பெனிகளிலும் தேடினாலும், இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டு நடக்கும் மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் கம்பெனியின் ஃபயர் ஆபீசர். சொந்தப் பேர் ரிஜிஸ்டரில் இருக்கும். நாங்கள் வைத்த பேர் 'மூணு நிமிஷம்'.

அரசாங்கத் தீயணைப்புத் துறையில் ரிட்டயராகி, பர்கூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருவார். எங்கே தீப்பிடித்தாலும் மூன்று நிமிஷத்தில் வண்டி போய் நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கேண்டீனில் டீ சொல்லிவிட்டு வாட்சைப் பார்ப்பார். மூன்று நிமிஷத்தில் வராவிட்டால் எழுந்துவிடுவார். "இந்நேரம் ஒரு குடோனே எரிஞ்சிருக்கும்யா" என்பார். எங்கள் கேண்டீனில் அவர் டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு தடவை எங்கள் ஆள் ஒருவர் கல்யாணத்துக்கு வந்தவர், மண்டபத்துக்கு எத்தனை வாசல் என்று எண்ணினார். சமையல்கட்டில் கேஸ் சிலிண்டரைத் தள்ளி வைத்தார். அந்தத் திருப்தியோடு, சாப்பிடாமலே போய்விட்டார்.

புது பெயிண்ட் ஷாப் வந்ததும், காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு தீயணைப்பு நிலையம் கட்டுவது என்று முடிவானது. பெங்களூர் ஆர்க்கிடெக்ட் ஒருவர் மெயின் கேட் பக்கத்தில் கண்ணாடி முகப்போடு வரைந்து அனுப்பினார். பெரிய மேனேஜருக்கு அது பிடித்துவிட்டது.

"விசிட்டர் உள்ள வந்ததும் கண்ணுல படணும். அதோட கேட் பக்கம்தான் அக்னி மூலை. ஃபயர் ஸ்டேஷனை அங்க வைக்காம வேற எங்க வைக்கிறது?"

"அக்னி மூலையில அடுப்பு வைக்கலாம் சார். அணைக்கறவனை எதுக்கு வைக்கறீங்க?" என்றார் மூணு நிமிஷம்.

பெயிண்ட் ஷாப் இருப்பது காம்பவுண்டின் மறு கோடியில். அதற்கும் கேட்டுக்கும் நடுவில் எடைமேடை. அங்கே எந்நேரமும் லாரிகள் வரிசையில் நிற்கும். பெயிண்ட் ஷாப்பில் இருபத்திரண்டு பேர். பெயிண்டில் கலக்கும், சட்டென்று பற்றிக்கொள்ளும் தின்னர் டிரம்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்டோர்காரன் நான்.

எங்கள் ஃபயர் ஆபீசருக்கு வரைபடத்தில் நம்பிக்கை கிடையாது. "பேப்பருக்குள்ள ஓடிப் பாக்க முடியுமா?" என்று கேட்டு, பெயிண்ட் ஷாப் பின்னால் இருந்த காலி இடத்தில் சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் ஒரு நிலையத்தை வரைந்தார். வண்டி நிற்க இடம், ஆட்கள் படுக்க அறை, ஹோஸ் பைப் காயப்போட ஒரு கோபுரம். கோபுரம் தரையில் வெறும் சதுரம்தான். அவர் அதை அண்ணாந்து பார்ப்பார்.

பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அதற்குள் குடியேறிவிட்டார். கோட்டை மிதித்தவன் தொலைந்தான்.

"யோவ், செவுத்துல நடக்கற. வாசல் அங்க இருக்குது பாரு."

நான் ரிஜிஸ்டரை நீட்டினால், "ஜன்னல் வழியா குடு" என்பார். ஒரு வாரத்தில் நாங்கள் எல்லோருமே வாசல் வழியாகப் போய்வர ஆரம்பித்தோம். காற்றில் கதவைத் தட்டியவர்களும் உண்டு.

அவர் தொல்லை தாங்காமல் மேனேஜர் ஒருநாள் இறங்கி வந்தார். "ரெண்டு எடத்துல இருந்தும் வண்டியை ஓட்டிப் பாருங்க. மூணு நிமிஷத்துல எது போகுதோ அங்க கட்டலாம். ரெண்டுமே போகலைன்னா கேட் பக்கம்தான்."

தீயணைப்பு வண்டி இன்னும் வாங்கவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் டிராக்டர் டேங்கர்தான் அன்றைக்குத் தீயணைப்பு வண்டி. அதை ஓட்டியவர் ஃபயர் ஆபீசரேதான்.

முதலில் கேட்டிலிருந்து கிளம்பினார். எடைமேடை வரை போனார், நின்றார். முன்னால் கர்நாடக லாரி ஒன்று பூட்டிக் கிடந்தது. கூடவே வந்த மேனேஜரே டிராக்டரில் எட்டி ஹாரன் அடித்தார். வெகுநேரம் கழித்து டிரைவர் நிதானமாக வந்தார்.

"எல்லி ஹோகித்ரி?" என்று மேனேஜர், எங்கே போயிருந்தாய் என்பதைத் தனக்குத் தெரிந்த கன்னடத்தில் சத்தம் போட்டார்.

"டீ குடியோக்கே ஹோகித்தே சார்" என்றார் டிரைவர். டீ குடிக்காமல் வேறு எதற்குப் போவார்கள் என்பதுபோல் இருந்தது அவர் முகம்.

அடுத்து சுண்ணாம்பு நிலையம். எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம், கூப்பிடு தூரம்தானே. விசில் ஊதியதும் டிராக்டர் உறுமியது. உறுமிக்கொண்டு அங்கேயே நின்றது. நிழல் இருக்கிறதே என்று மேனேஜரின் காரை யாரோ சுண்ணாம்பு வாசலுக்கு நேராக நிறுத்தியிருந்தார்கள். கார் டிரைவர் சாவியோடு கேண்டீன் போய்விட்டார்.

"பக்கத்துல ஏத்திட்டு வாங்க சார், வெறும் கோடுதானே" என்று கத்தினோம்.

"செவுத்து மேல எப்பிடிய்யா ஏத்தறது?"

"செவுரே இல்லையே சார்."

"நாளைக்கு இருக்குமே."

மூன்று நிமிஷம் முடிந்தது. அவரே எஞ்சினை நிறுத்தினார். அவரே நோட்டில் 'தோல்வி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் சிரித்தார். "அப்ப கேட் பக்கமே கட்டிரலாம்." டிராக்டர் மேல் இருந்த மூணு நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலை குனிந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு வாய் எப்படித் திறந்தது என்று தெரியவில்லை.

"சார், காரை நாளைக்கு வேற எடத்துல நிறுத்திக்கலாம். எடைமேடை அங்கயேதான சார் இருக்கும்? உள்ள நாங்க இருவத்திரெண்டு பேரு சார்."

தின்னர் டிரம் பேசியதுபோல் மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு தன் காரைப் பார்த்தார். "ம்" என்றார். போய்விட்டார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் மூணு நிமிஷம் என் ஸ்டோருக்கு வந்தார். "ஏம்பா, ரெண்டு வருசமா ஸ்டோரு ஸ்டோருன்னே கூப்புட்டுட்டு இருக்கறேன். உம் பேரு என்னா?"

சொன்னேன். அவருடைய பர்கூர் பஸ் கிளம்பும் நேரம். அவர் போகவில்லை. ஷிப்ட் முடிந்து இருபத்திரண்டு பேரும் வெளியே வரும்வரை பெயிண்ட் ஷாப் வாசலில் நின்று, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பொக்லைன் வந்து பெயிண்ட் ஷாப் பின்னால் அஸ்திவாரம் தோண்டியது. வாஸ்துவுக்காக, கேட் பக்கம் அக்னி மூலையில் நாலு சிவப்பு வாளியில் மணல் போட்டுத் தொங்கவிட்டார்கள்.