இங்கன கொண்டாங்க, நான் பாத்துத் தாரேன்

கொசுவுக்கு அடுத்தபடியாக நம் ஊர்களில் இப்போது வேகமாகப் பெருகி வரும் உயிரினம் ஒன்று உண்டு. போன் வாத்தியார் என்று பெயர். நாற்பத்தைந்து வயது தாண்டிய, சொந்த வீட்டில் யாரும் யோசனை கேட்காத ஆண்பிள்ளைகளிடம் இது சட்டென்று தொற்றிக்கொள்ளும். அறிகுறி எளிது. வயதானவர் யாராவது புதுப் போனோடு இருபது அடி தூரத்தில் தெரிந்தால் போதும், வலது கை தானாக நீளும், "இங்கன கொண்டாங்க, நான் பாத்துத் தாரேன்" என்று வாய் சொல்லும், சொல்லி முடிப்பதற்குள் போன் கைமாறியிருக்கும். கற்றுக்கொடுப்பது என்பதற்கு இவர்கள் அகராதியில் பிடுங்குவது என்று பொருள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? என் மாமனார் நான் வருவதைப் பார்த்ததும் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறார்.

இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி, தென்காசியில் ஒரு தனியார் பள்ளியில் எழுத்தராக இருக்கும் விஸ்வநாதன். ஞாயிறுதோறும் குத்துக்கல்வலசையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பெரியவர்களுக்கு இலவசமாகப் போன் பழக்குகிறார். பதினொரு பேர் படிக்கிறார்கள். நாலு மாதமாகப் படிக்கிறார்கள். முதல் பாடம், "எதையும் அமுக்கிராதீங்க." இரண்டாம் பாடம், அப்படியே அமுக்கிவிட்டால் வங்கியில் இருப்பது அத்தனையும் போய்விடும் என்பது. மூன்றாவது பாடத்தில் அவரே ஒவ்வொரு போனையும் வாங்கி, "இத அமுக்கினா இது வரும், அதத் தள்ளினா அது போவும், அவ்வளவுதான், புரிஞ்சுதா?" என்று கண்ணிமைக்கும் வேகத்தில் செய்து காட்டுவார். புரியவில்லை என்று சொன்னால் அதே வேகத்தில், கொஞ்சம் சத்தமாக, மறுபடி செய்து காட்டுவார். மறந்துபோவார்களே என்ற கரிசனத்தில் பதினொரு போனுக்கும் ஒரே பூட்டைப் போட்டு வைத்தவரும் அவர்தான். ஒன்பது புள்ளிகளின் மேல் விரலால் ‘ப’ என்று எழுதினால் யார் போனும் திறக்கும்.

மாணவர்களில் அவருக்குப் பக்கத்து வீடு நூர்நிஷா. வயது ஐம்பத்தொன்பது, வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம், ஒரே மகள் ஷிஃபா குவைத்தில் நர்ஸ். மகள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் நூர்நிஷா என்ன செய்யவேண்டும்? மணியடிக்கும் போனை அப்படியே ஏந்திக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கு ஓடி வரவேண்டும். தொட்டால் லைன் அறுந்துவிடும் என்று சொல்லி வைத்திருந்தார். அவர் பச்சையைத் தள்ளி, போனைத் தூக்கிப் பிடித்து, இரண்டு முகமும் படத்தில் விழுகிற மாதிரி நின்றுகொள்வார். "ஏட்டி ஷிஃபா, மாமா பேசுதேன்! டூட்டில்லாம் எப்படிப் போவுது?" என்று தொடங்கி, குவைத்து வெயில், தென்காசி மழை, தக்காளி விலை எல்லாம் முடித்த பிறகு தாய்க்கு ஒரு வாய்ப்பு வரும். "நல்லா இருக்கியா?" "இருக்கேன் உம்மா." அதோடு சரி. மனிதரைத் திட்டாதீர்கள். அவரைக் கடல் கடந்து யாரும் கூப்பிடுவதில்லை. சென்னையில் இருக்கிற சொந்த மகனே கூப்பிடுவதில்லை. ஷிஃபா ‘மாமா’ என்று சொல்லும்போது அவருக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது.

ஆடி மாதம் சாரல் பிடித்து அடித்தது. செய்முறைப் பயிற்சிக்கு வகுப்பையே குற்றாலத்துக்கு அழைத்துப் போவதென்று வாத்தியார் முடிவு செய்தார். ஒவ்வொருவரும் அருவியைப் படம் எடுக்கவேண்டும், குழுவில் போடவேண்டும், கூட்டத்தில் தொலைந்தால் தான் நிற்கும் இடத்தைப் போன் வழியாக அனுப்பவேண்டும். திட்டம் அருமை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்ன செய்தார் தெரியுமா? "தண்ணி பட்டுரும், களவு போயிரும்" என்று சொல்லிப் பதினொரு போனையும் ஒரு மஞ்சள் பையில் வாங்கிக்கொண்டார். ஆண்கள் மெயினருவியின் ஆண்கள் பக்கமும், பெண்கள் பெண்கள் பக்கமும் குளிக்கப் போனார்கள். வாத்தியார் ஒரு பழக்கடைத் தார்ப்பாயின் கீழே மார்போடு பையை அணைத்தபடி நனையாமல் நின்றார்.

பைக்குள் மணியடித்தது. நூர்நிஷாவின் போன்.

"ஏட்டி ஷிஃபா, மாமா பேசுதேன்! உம்மா அருவில நிக்கா. என்ன சேதி, சொல்லு."

"உம்மாட்ட மட்டும் பேசணும் மாமா."

"என்ட்ட சொல்லு, நான் சொல்லிருதேன்."

"இல்ல மாமா, உம்மாட்ட மட்டும்."

"அப்ப உம்மா வரவும் நானே போட்டுத் தாரேன், ஸ்பீக்கர்ல..."

"மாமா!" திரையில் அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. "நாலு மாசமா ஒரு விஷயம் சொல்லணும்னு கூப்பிடுதேன். எப்பக் கூப்பிட்டாலும் ஒங்க மொகந்தான் முன்னால வருது. இன்னும் அரைமணி நேரத்துல டூட்டிக்கு ஏறணும். இன்னைக்கே சொல்லியாவணும், தயவுபண்ணி குடுங்க மாமா."

லைன் அறுந்தது. விஸ்வநாதனுக்குக் காது இரண்டும் சுட்டது. வெட்கம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். இவ்வளவு செய்தும் இந்தப் பேச்சா என்று பழக்கடைக்காரரைப் பார்த்து முறைத்தார். அவர் பாவம், மங்குஸ்தான் எடைபோட்டுக்கொண்டிருந்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பெண்கள் பக்கத்தின் வாசலில் ஒரு பெண் காவலர் கையை நீட்டி மறித்தார். "ஆம்பளையாள் இங்கன நிக்கக் கூடாது. அங்கன போங்க. பையில என்னது?"

"போன்."

"எத்தன?"

"பதினொண்ணு."

"ஒங்க போனு எது?"

"என்னுது சட்டப்பையில இருக்கு. இதெல்லாம் எங்கூட வந்த ஆளுகளுது."

காவலரின் முகம் மாறியது. "இதெல்லாம் ஒங்க ஆளுகளுதுன்னா பூட்டத் திறந்து காட்டுங்க பாப்போம்." வாத்தியார் உற்சாகமாக முதல் போனில் ‘ப’ போட்டார். இரண்டாவதிலும் ‘ப’. நாலாவது ‘ப’ போடும்போது காவலர் பக்கத்திலிருந்த இன்னொரு காவலரையும் கைகாட்டிக் கூப்பிட்டுவிட்டார். அரைமணியில் பதினைந்து நிமிடம் இப்படியே போனது. வாத்தியார் வாழ்க்கையில் முதல்முறையாக, எவராவது வந்து இந்தப் போன்களைத் தன்னிடமிருந்து வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று ஏங்கினார்.

அந்த நேரம் பார்த்து, ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் கல்யாணசுந்தரி, அவரும் மாணவிதான், ஈரத்தலையோடு வெளியே வந்தார். "அய்யோ, அவரு களவாணி இல்லம்மா. எங்க வாத்தியாரு. ஆனா போன மட்டும் கையில தரமாட்டாரு."

"ஏன் தரமாட்டாரு?" என்று காவலர் கேட்டார். நியாயமான கேள்வி. கல்யாணசுந்தரி உள்ளே போய் நூர்நிஷாவைக் கூட்டிவந்தார்.

"அக்கா, ஷிஃபா கூப்பிட்டா. ஒங்ககிட்ட..." வாத்தியார் பைக்குள் கையை விட்டுத் துழாவினார். "ஒங்ககிட்ட மட்டும் பேசணுமாம்." போனைக் கொடுத்தார். கொடுத்த கை அங்கேயே நின்றது. "ஈரக்கைக்குத் திரை கேக்காது அக்கா, கொண்டாங்க, நானே..."

நூர்நிஷா கல்யாணசுந்தரியின் உலர்ந்த துண்டை வாங்கி விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "கொஞ்சம் விலகுங்க தம்பி. ஒங்க வெரலு போற வழிய நாலு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார். திறந்தார், தள்ளினார், மகள் பெயரைத் தொட்டார். அருவிச் சத்தம் குறைவாக இருந்த ஒரு சுவரோரம் போய் நமக்கெல்லாம் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். வாத்தியார் தன்னையறியாமல் இரண்டடி எடுத்துவைத்தார். "சார், அங்கன எங்க போறிய?" என்றார் கல்யாணசுந்தரி. அவர் நின்றார்.

தூரத்திலிருந்து பார்த்தபோது நூர்நிஷாவின் முதுகு ஒருமுறை குலுங்கியது. சிரிப்பா, அழுகையா? தெரியவில்லை. ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்தார். வாயைப் பொத்திக்கொண்டார். நெடுநேரம் தலையை ஆட்டினார். ஏழு நிமிடம் கழித்து எழுந்து வந்தார்.

"லைன் கிளியரா இருந்துச்சா அக்கா?"

"நல்லா இருந்துச்சு தம்பி."

"வேற ஒண்ணும்...?"

"ஒண்ணுமில்ல. வாங்க, பஸ்ஸு போயிரும்." போனைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

ஷிஃபா சொன்ன சேதி என்ன? விஸ்வநாதனுக்கு இன்றுவரை தெரியாது. எனக்கும் தெரியாது; போனில் கோளாறு ஏதும் உண்டா என்று கேட்கிற சாக்கில் நானும் ஒருநாள் நூர்நிஷா வீட்டுக்குப் போனேன், நல்ல டீ கொடுத்து அனுப்பிவிட்டார். நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, நாகரிகம் தெரிந்தவர். கல்யாணமா, காதலா, வேலை போய்விட்டதா, ஊருக்கே திரும்பி வருகிறாளா என்று இவ்வளவு நேரமும் உங்கள் மனது அந்தச் சுவரோரம் போய்க் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றிருக்காது. நின்றதா? அப்படியானால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் அறைக்குள் நுழைந்ததும் உங்கள் அம்மா "சரி, அப்புறம் பேசுதேன்" என்று போனை வைத்துவிடுகிறாரே, ஏன் என்று இனிமேல் என்னிடம் கேட்காதீர்கள்.