மச்சானுக்கு எட்டாத வேன்

என் மச்சான் இன்னாசிராஜ் வீட்டு வாசற்படியை உயிருள்ளவரை மிதிப்பதில்லை என்று நான் முடிவெடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. காரணம் சிறியதல்ல. அவருடைய மூத்த மகள் கல்யாணத்தில் என்னை இரண்டாவது பந்தியில் உட்கார வைத்தார்கள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம்வரை போய் ஆறின பிரியாணி தின்றவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

இப்போது இளையவள் ஜெர்லினுக்குக் கல்யாணம். மச்சான் பத்திரிகை வைக்க வருவார். எங்கள் பக்கத்தில் தட்டோடு நீட்டும் பத்திரிகையைக் கணவனும் மனைவியும் சேர்ந்துதான் வாங்க வேண்டும். ஒருவர் மட்டும் வாங்கினால் அது அழைப்பாகாது. அழைக்காத கல்யாணத்துக்குப் போகாதவனை யாரும் குறை சொல்ல முடியாது. இந்தச் சட்டத்தில் இருந்த ஓட்டை, என் பழைய ஆம்னி வேன் நுழைகிற அளவுக்குப் பெரிதாக இருந்தது.

"கல்யாணம் முடியறவரைக்கும் நான் வேன்லதான் படுப்பேன்" என்று என் மனைவி கிளாராவிடம் அறிவித்தேன். "தெனம் ஒரு தெரு. உங்க அண்ணன் தட்டத் தூக்கிக்கினு விழுப்புரம் பூரா சுத்தட்டும்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"கொசு கடிக்குமே."

"கடிக்கட்டும்."

"இடுப்பு புடிச்சிக்குமே."

"புடிக்கட்டும்."

"அப்ப போய்ட்டு வாங்க. சாப்பாடு எங்க கொண்டாறது?"

அது நியாயமான கேள்வி. ஆகவே தலைமறைவானவன், தான் மறைந்திருக்கும் இடத்தைத் தினமும் மனைவிக்கு ஃபோனில் அனுப்பிவந்தான்.

முதல் நாள் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நிறுத்தினேன். தென்னக ரயில்கள் எல்லாம் என் காது வழியாகப் போயின. மறுநாளே கிளாரா ஒரு மெக்கானிக்கோடு வந்து பின் சீட்டைக் கழற்றி, இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டாள். அடுத்து கொசுவலை. அடுத்து ஜன்னலுக்குத் திரை. பிறகு ஒரு பேட்டரி ஃபேன். முப்பது வருடக் குடித்தனத்தில் வாய்க்காத தலையணை உயரம் தெருவோரத்தில் வாய்த்தது. என் பிரிவு அவளை வாட்டுகிறது என்று புரிந்துகொண்டேன்.

ஒரு ராத்திரி போலீஸ்காரர் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.

"யாருய்யா உள்ள? வீடு இல்லியா?"

"இருக்குது சார்."

"அப்பறம்?"

"மச்சான் வர்றாரு சார்."

அவர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, "அந்த மரத்தாண்ட தள்ளி நிறுத்திக்க. அங்கதான் காத்து வரும்" என்றார். அவருக்கும் கல்யாணமாகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயிலுக்குப் பின் தெருவில் ஒரு புங்கமர நிழலில் நிறுத்தினேன். கிளாரா கேப்பைக்களியும் கறிக்குழம்பும் கொண்டுவந்தாள்.

"மூணாவது உருண்டை வேணாம் கிளாரா."

"சாப்புடுங்க. ஜீரணிக்கறதத் தவிர ஒங்களுக்கு என்ன வேல?"

சாப்பிட்டேன். இமை தானாக இறங்கியது.

"நீங்க தூங்குங்க. வெயில் தாழறவரைக்கும் நான் முன்னாடி ஒக்காந்துக்கினு இருக்கேன்" என்றாள்.

கண் விழித்தபோது புங்கமரத்தைக் காணோம். கதவு திறந்திருந்தது. வெளியே ஒரு வீட்டு வாசல். தட்டோடு இன்னாசிராஜும் அவர் மனைவி அமலாவும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கல்யாணப்பெண்.

"வாங்க மச்சான். நல்ல தூக்கமா?"

"இது எந்தத் தெரு?"

"திண்டிவனங்க" என்றாள் கிளாரா.

"வண்டிய யாரு ஓட்டினது?"

"நான்தான்."

"நீ எப்ப கத்துக்கினே?"

"தெனம் மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கறீங்களே. அத்தினி நேரம் நான் செவுத்தப் பாத்துக்கினா இருப்பேன்? லைசென்ஸ் எடுத்து மூணு வருசமாவுது."

"வழியில யாரும் கேக்கலியா?"

"டோல்கேட்ல எட்டிப் பாத்தாங்க. வூட்டுக்காரரு கோச்சிக்கினு போறாருன்னு சொன்னேன்."

"நான் எறங்க மாட்டேன்."

"யாரு எறங்கச் சொன்னது? வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுதான சொன்னீங்க. மெத்தையிலயே இருங்க" என்று அவளும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கணவனும் மனைவியும் சேர்ந்தாயிற்று. தட்டு உள்ளே நீண்டது.

"மாமா" என்றாள் ஜெர்லின். அவ்வளவுதான் சொன்னாள். பல் முளைக்காத காலத்தில் என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிய பெண். ஒன்பது வருடத்தில் நான் பார்க்காமலே வளர்ந்துவிட்டிருந்தாள். என் கைகளுக்கு எப்போதுமே வைராக்கியம் கிடையாது. அவை தட்டை வாங்கிக்கொண்டன.

"சரி, வாங்கியாச்சு. வீட்டுக்குப் போவலாம்" என்றேன் மிடுக்காக.

"போவலாம். மொதல்ல பத்திரிகையப் படிங்க."

படித்தேன். மாப்பிள்ளை விழுப்புரத்துக்காரர். கல்யாணமும் விழுப்புரம் கோயிலில்தான்.

"அண்ணன் வூட்டு ஆளுங்க பதினாலு பேரும் நாளைக்கே நம்ம வூட்டுக்கு வந்துர்றாங்க. கல்யாணம் முடியறவரைக்கும் அங்கதான்."

"அப்ப நான் எங்க படுக்கறது?"

கிளாரா மெத்தையிலிருந்த சுருக்கத்தை மெல்ல நீவிவிட்டாள். கொசுவலை, திரை, ஃபேன் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். அவளை வாட்டியது என் பிரிவல்ல, பதினாலு பேருக்கு வீட்டில் இடம் என்று இப்போது தெரிந்தது.

"சரி. நம்ம வாசல்லயே நிறுத்திக்கினு படுத்துக்கறேன்."

"அங்க வேணாங்க" என்றாள். "எங்க அண்ணன் காரு நிக்கணும்."